பித்தளை டெலஸ்கோப்பில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் வீடு சென்னையில் கடலுக்குப் பக்கம். கூடத்து அலமாரியில் ஒரு பித்தளை டெலஸ்கோப் பல வருடமாக இருக்கிறது. மூன்று குழாய்களாக இழுத்து நீட்டுகிற, அந்தக் காலத்து மாலுமிகள் வைத்திருந்தது போன்ற வகை. நான் அதைக் கழற்றிப் பூட்டப் பழகியது தெரிந்ததிலிருந்து, சொந்தக்காரர்களும் நண்பர்களும் அவரவர் வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வந்தது, பணி ஓய்வு பெற்ற அன்று கொடுத்தது, சுற்றுலா போன இடத்தில் ஆசைப்பட்டு வாங்கியது என்று ஒவ்வொன்றும் ஒரு வழியில் வந்திருக்கும். கோளாறு மட்டும் திரும்பத் திரும்ப அதே பத்துத்தான். அதிலும் பல நேரம் கோளாறே இருக்காது, குழாயை முழுதாக இழுத்திருக்க மாட்டார்கள்.

அதனால் அறிகுறியைத் தலைப்பாக வைத்து எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: வெயில்

இதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடி கூட, கிரகணத்தன்று கூட. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டுவிட்டது என்று நமக்குப் புரியும்போது பார்வையின் நடுப்பகுதி போயிருக்கும். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே படலம், கரி பிடித்த கண்ணாடி எதுவும் காப்பாற்றாது. கிரகணத்துக்கென்று விற்கும் அட்டைக் கண்ணாடி வெறும் கண்ணுக்கு மட்டும்தான். அதைப் போட்டுக்கொண்டு டெலஸ்கோப்பில் பார்த்தால், குவிந்து வரும் வெப்பம் அந்தப் படலத்தையே பொசுக்கிவிடும். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் கங்கண கிரகணம் தெரிந்தபோது என்னிடம் இதைப் பலர் கேட்டார்கள். 2031 மே 21 அன்று தமிழகத்தின் தென்பகுதியில் இன்னொன்று வருகிறது. அப்போதும் பதில் இதுதான்: அட்டையில் ஊசித் துளை போட்டு, தரையில் விழும் பிம்பத்தைப் பாருங்கள். டெலஸ்கோப் அலமாரியிலேயே இருக்கட்டும்.

யாரும் பார்க்காதபோதும் ஆபத்து உண்டு. இதைத்தான் நிறையப் பேர் யோசிப்பதில்லை. 40 மில்லிமீட்டர் விட்டமும் 40 சென்டிமீட்டர் குவியத் தூரமும் உள்ள ஒரு லென்ஸ், தன் மேல் விழும் வெயிலை 4 மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு புள்ளிக்குள் சுருக்கிவிடும். அந்தப் புள்ளியில் வெயில் ஏறத்தாழ நூறு மடங்கு. ஜன்னல் ஓரம் மூடி இல்லாமல் முக்காலியில் நிற்கும் டெலஸ்கோப்பில், சூரியன் நகர நகர அந்தப் புள்ளியும் குழாய்க்குள் நகரும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளையம் உருகும், ஒட்டிய லென்ஸின் பசை பழுக்கும். கண் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்திருந்தால் திரைச்சீலை வரைக்கும் போகலாம்.

கழற்றிய லென்ஸும் அதே மாதிரிதான். ஒருநாள் காலையில் கண் லென்ஸைத் துடைத்து, செய்தித்தாள் மேல் பெட்டியில் சாய்த்து நிற்க வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். கிழக்கு ஜன்னல். திரும்பி வந்தபோது தாளில் ஒரு விரல்கடை நீளத்துக்குப் பழுப்புக் கோடு, புகை வாசனை. அன்றிலிருந்து லென்ஸ் வேலை எல்லாம் வெயில் வராத அறையில்தான் செய்கிறேன்.

மூன்று பழக்கம் போதும். பார்த்து முடித்ததும் முன் மூடியைப் போட்டுவிடுங்கள். மூடி தொலைந்திருந்தால் தடித்த துணியில் ஒரு சிறு உறை தைத்து மாட்டுங்கள். வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பகலில் பார்க்கும்போது கட்டிட நிழலில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். குழந்தைகளுக்கு "சூரியனைப் பார்க்காதே" என்று சொல்வதைவிட "நிழலை விட்டு வெளியே போகாதே" என்று சொல்வது எளிதில் நிற்கும். ஆனாலும் பகலில் தனியாகக் கையில் கொடுக்க வேண்டாம். நிலாவைத் தாராளமாகப் பார்க்கலாம், பௌர்ணமி நிலா கண்ணைக் கூசும், அவ்வளவுதான்.

## திருகைத் தொடும் முன்: உங்களிடம் இருப்பது எது?

இன்று கடைகளில் கிடைக்கும் அலங்கார டெலஸ்கோப்புகளில் நிறைய உத்தராகண்டின் ரூர்க்கியிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் செய்யப்படுபவை. ரூர்க்கியில் 1847-இல் பொறியியல் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து சர்வே கருவி செய்யும் கைகள் உண்டு. மொராதாபாத்தைப் பித்தளை நகரம் என்றே சொல்வார்கள். குழாயில் "விக்டோரியன், லண்டன், 1915" என்று பொறித்திருந்தால் குழம்ப வேண்டாம். விக்டோரியா ராணி 1901-இலேயே இறந்துவிட்டார். அது அலங்காரத்துக்காக அச்சடித்த எழுத்து.

இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு காந்தத்தைக் குழாயில் வையுங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் பித்தளை முலாம், ஒட்டாவிட்டால் பித்தளையாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, முன் லென்ஸில் ட்யூப்லைட்டின் பிரதிபலிப்பை எண்ணுங்கள். இரண்டு தெரிந்தால் ஒற்றை லென்ஸ். மங்கலாக மூன்றாவது ஒன்றும் தெரிந்தால் இரண்டு கண்ணாடியை ஒட்டிய லென்ஸ்.

ஒட்டிய லென்ஸ், கையால் வெட்டிய எழுத்து, இடம் இடமாகத் தேய்ந்த குழாய், மூன்றும் சேர்ந்திருந்தால் அது உண்மையிலேயே பழையதாக இருக்கலாம். தாத்தா காலத்துப் பொருள் என்று வீட்டில் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அதை மெருகேற்றாதீர்கள், கழற்றாதீர்கள். பழம்பொருள் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

## எதுவுமே தெரியவில்லை, ஒரே இருட்டு

முன் மூடியைப் பாருங்கள். அப்புறம் கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். பல டெலஸ்கோப்புகளில் அங்கே நடுத்துளையை மூடும் ஒரு சின்னத் தகடு உண்டு, பக்கவாட்டில் ஒரு குமிழ் இருக்கும். அதை நகத்தால் தள்ளினால் துளை திறக்கும். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வருடக் கணக்கில் வைத்திருந்தவர்கள் உண்டு.

இரண்டும் திறந்திருந்தும் இருட்டு என்றால், முன் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, சுவரில் கண் பக்கத்து வெளிச்சம் விழுகிறதா பாருங்கள். டார்ச் மட்டும்தான், வெயில் வேண்டாம். விழாவிட்டால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. கழன்ற வளையமாக இருக்கலாம், குளவி கட்டிய மண் கூடாகவும் இருக்கலாம். திறந்த அலமாரியில் மூடியில்லாமல் கிடந்த ஒன்றில் நான் எடுத்தது குளவிக் கூடுதான்.

## வெளிச்சம் தெரிகிறது, உருவம் தெளியவில்லை

### எதைப் பார்த்தாலும் கலங்கல்

கண் பக்கத்து மெல்லிய குழாயைத் தவிர மற்ற எல்லாக் குழாய்களையும் கடைசி வரை, தடுத்து நிற்கும் வரை இழுங்கள். தெளிவைச் சரிசெய்வது அந்த மெல்லிய குழாய் ஒன்றுதான். அதை மிக மெதுவாக, சற்றே திருகியபடி உள்ளேயும் வெளியேயும் நகர்த்துங்கள். தெளிவு வரும் இடம் ஓரிரு மில்லிமீட்டர்தான், வேகமாக இழுத்தால் தாண்டிப் போய்விடும். ஒருவருக்குத் தெளிந்தது அடுத்தவருக்குத் தெளியாது, ஆளுக்கு ஆள் மறுபடி நகர்த்த வேண்டும்.

இழுக்க இழுக்கத் தெளிவு கூடிக்கொண்டே வந்து, குழாய் முடிந்துவிட்டதா? பொருள் மிக அருகில் இருக்கிறது. எதிர்வீட்டுச் செடியை விட்டுவிட்டு, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியையோ செல்போன் கோபுரத்தையோ பிடியுங்கள்.

### வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் கலங்கல், மாடியில் தெளிவு

ஜன்னல் கண்ணாடியும் கொசுவலையும்தான் காரணம். இரண்டையும் திறந்துவிட்டுப் பாருங்கள். லென்ஸில் குறை இல்லை.

### மத்தியானத்தில் மட்டும் நெளிகிறது

சூடான தளத்துக்கு மேல் எழும் காற்று அது. காலை ஏழு மணிக்குள் அதே பொருளைப் பாருங்கள். அப்போது நெளியாவிட்டால் செய்ய ஒன்றும் இல்லை.

### நடுவில் தெளிவு, ஓரத்தில் கலங்கல்

ஒற்றை லென்ஸ் வகையில் இது இயல்பு. கையில் எடுத்த முதல் நாளிலிருந்தே இப்படி என்றால் விட்டுவிடுங்கள்.

### துடைத்துப் பூட்டிய பிறகு கலங்கல்

ஏதோ ஒரு லென்ஸ் திரும்பிப் போயிருக்கிறது. முன் லென்ஸில் பெரும்பாலும் அதிகம் புடைத்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். முன் லென்ஸுக்குப் பின்னால் இருந்த கருப்பு வளையம் விடுபட்டிருந்தாலும் உருவம் வெளுத்துக் கலங்கும். அடுத்து, மெல்லிய குழாயின் உள்முனையில் இரண்டு சிறு லென்ஸ்கள் பொருத்திய ஒரு உருளை இருக்கும். அது தலைமாறிப் போனால் என்ன செய்தாலும் தெளியாது. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள், ஒரே நேரத்தில் இரண்டைத் திருப்பினால் எது தவறு என்று தெரியாமல் போகும். அடுத்த முறை கழற்றும் முன் ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுங்கள், கண்ணாடியின் விளிம்பில் பென்சிலால் வெளிப்பக்கத்தைக் காட்டி ஒரு அம்புக்குறி போடுங்கள்.

### லென்ஸ் அழுக்கு

முதலில் ஊதும் ரப்பர் பந்தால் தூசியை ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு மெல்லிய தூரிகை. அதற்கும் போகாத விரல்ரேகைக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திர சோப்புத் திரவம் கலந்து, சுத்தமான பஞ்சைத் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றியபடி துடைக்கவும். ஒரு பஞ்சு ஒரு முறைதான். வேட்டி நுனி, புடவைத் தலைப்பு, பேப்பர் நாப்கின் எதுவும் வேண்டாம், அதில் இருக்கும் ஒரு மணல் துகள் போதும் கீறுவதற்கு. மலிவான வகையில் லென்ஸ் பிளாஸ்டிக்காக இருக்கலாம், நகப்பூச்சு அகற்றும் திரவம் பட்டால் அதோடு சரி.

ஆளை அழைக்க வேண்டிய இடம்: ஒட்டிய லென்ஸின் நடுவே எண்ணெய்ப் படலம் போன்ற வானவில் வளையமோ, மஞ்சள் திட்டோ, நட்சத்திர வடிவ விரிசலோ தெரிந்தால் ஒட்டு விட்டுவிட்டது. அதை வீட்டில் சூடாக்கிப் பிரிக்கப் பார்க்காதீர்கள்.

## பொருளின் ஓரத்தில் நீலமும் மஞ்சளும்

ஒற்றை லென்ஸ் ஒளியின் நிறங்களை ஒரே இடத்தில் குவிக்காது. இதைத் தீர்க்கும் இரட்டை லென்ஸுக்கு ஜான் டோலண்ட் 1758-இல் லண்டனில் காப்புரிமை வாங்கினார், ஆனால் அலங்காரப் பொருளில் அதை எதிர்பார்க்க முடியாது. செலவில்லாமல் ஒன்று செய்யலாம். கருப்பு அட்டையில் முன் லென்ஸ் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுவில் பாதி விட்டத்துக்குத் துளை போட்டு, லென்ஸுக்கு முன்னால் பொருத்துங்கள். 40 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 20 மில்லிமீட்டர் துளை. உருவம் கொஞ்சம் மங்கும், ஆனால் நிற ஓரம் குறைந்து கோடுகள் கூர்மையாகும். எனக்குத் தெரிந்து இந்த வகை டெலஸ்கோப்புக்குச் செய்யக்கூடிய மிக நல்ல மாற்றம் இதுதான். சிலவற்றில் குழாய்க்குள்ளேயே இப்படி ஒரு வளையம் வைத்திருப்பார்கள், அவற்றில் அட்டையால் பெரிய மாற்றம் தெரியாது.

## உருவம் தலைகீழாகத் தெரிகிறது

வாங்கிய நாளிலிருந்தே அப்படியா? உருவத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் இல்லாத, வான் பார்க்கும் அமைப்பு அது. நிலா பார்க்க அதனால் குறை ஒன்றும் இல்லை.

முன்பு நேராகத் தெரிந்து இப்போது தலைகீழா? மெல்லிய குழாயின் உள்முனையில் இரண்டு சிறு லென்ஸ்களோடு இருக்கும் என்று மேலே சொன்னேனே, உருவத்தை நிமிர்த்தும் அந்த உருளையைப் பூட்டாமல் விட்டிருக்கிறீர்கள். துடைத்த மேசையிலும் பெட்டியின் பஞ்சுக்கு அடியிலும் தேடுங்கள்.

## சின்ன வட்டம் மட்டும் தெரிகிறது, அல்லது கருப்புப் பிறை மறைக்கிறது

கண்ணைக் கொஞ்சம் முன்னும் பின்னும் கொண்டுபோய்ப் பாருங்கள். வட்டம் விரிந்து நிரம்பும் ஒரு தூரம் இருக்கும். கண்ணாடி அணிபவர்கள் அதைக் கழற்றிவிட்டு, மெல்லிய குழாயை நகர்த்தித் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

பிறை போகவில்லையென்றால் ஒரு சோதனை. டெலஸ்கோப்பை அதன் அச்சிலேயே மெதுவாக உருட்டுங்கள். பிறை கூடவே சுற்றினால் கோளாறு உள்ளே: பாதி மூடிய தகடு, சாய்ந்து உட்கார்ந்த லென்ஸ், அல்லது குழாயில் சொட்டை. சுற்றாமல் ஒரே இடத்தில் நின்றால் கண்ணை வைத்த இடம்தான் தவறு.

## படம் ஆடிக்கொண்டே இருக்கிறது

பெரிதாக்கும் அளவு பத்து மடங்கைத் தாண்டினால் யார் கையில் பிடித்தாலும் ஆடும். உங்களுடையது எத்தனை மடங்கு என்று தெரிந்துகொள்ள ஒரு செங்கல் சுவர் போதும். ஒரு கண்ணால் டெலஸ்கோப் வழியாகவும் மறு கண்ணால் நேராகவும் ஒரே நேரத்தில் பாருங்கள். பெரிதாகத் தெரியும் ஒரு கல்லின் உயரத்துக்குள் நேராகத் தெரியும் கல் வரிசை எத்தனை அடங்குகிறது என்று எண்ணினால் அதுதான் மடங்கு. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைவிடக் குறைவாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு தலையணையைப் போட்டு, குழாயின் முன்பகுதியை அதில் கிடத்தினால் முக்கால்வாசி ஆட்டம் போய்விடும். வெளித் துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பலையும், கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

### முக்காலியில் வைத்தும் ஆடுகிறது

விங் நட்டுகளை இறுக்குங்கள். கால்களுக்கு நடுவில் சங்கிலி இருந்தால் அது விறைப்பாக நிற்கும் அளவுக்குக் கால்களை விரியுங்கள். மரக்காலில் திருகு பிடிக்காமல் வெறுமனே சுற்றினால், தீக்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து அந்தத் துளையில் செருகி, காய்ந்ததும் மீதியை வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். கால் வெடித்திருந்தால் தச்சரிடம் போக வேண்டும், ஈட்டி மரத்தில் ஒட்டு நன்றாகவே நிற்கும்.

### முன்பக்கமாகச் சாய்கிறது

பிடி வளையத்தைக் குழாய் சுருங்கியிருக்கும்போது நடுவில் வைத்துப் பூட்டியிருப்பீர்கள். முழுதாக நீட்டிய பிறகு எங்கே சமநிலை என்று விரலில் நிறுத்திப் பார்த்து, அங்கே பூட்டுங்கள். மூன்று கால்களில் ஒன்று எடை அதிகமுள்ள பக்கத்தைப் பார்த்து நிற்கட்டும். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பெரிய முக்காலி டெலஸ்கோப்பைத் தரையில் வைக்கவே வேண்டாம். ஒரு கால் இடறினால் முழுப் பித்தளையும் தலையில் விழும். குழந்தை அதை வாயில் வைத்துவிடாமலும் பாருங்கள். கடைசல் எளிதாக வரப் பித்தளையில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பது வழக்கம்.

## குழாய் நகரவில்லை

நேராக இழுக்காதீர்கள். இரண்டு கையிலும் ரப்பர் கையுறை போட்டு, திருகியபடி இழுங்கள். பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய பட்டையைக் குழாயில் சுற்றினால் பிடிமானம் இன்னும் நன்றாகக் கிடைக்கும். இடுக்கி, சுத்தியல், துரு நீக்கும் ஸ்பிரே மூன்றும் கூடாது. ஸ்பிரே எண்ணெய் உள்ளே ஊர்ந்து லென்ஸில் படியும், அதை எடுப்பது குழாயை எடுப்பதைவிடக் கஷ்டம்.

அதற்கும் வரவில்லையென்றால், ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து வெளிக் குழாயின் வாயை மட்டும் ஒரு நிமிடம் சூடாக்குங்கள். வெளிக் குழாய் விரிந்து இளகும். கைக்குப் பொறுக்கும் சூடு போதும், அதற்கு மேல் போனால் மேல்பூச்சு வெளுக்கும்.

வெளியே வந்ததும் காரணத்தைப் பாருங்கள். காய்ந்த மெருகுப் பசையும் பழைய எண்ணெயும் கருப்பாகத் திரண்டிருந்தால், லென்ஸ்களைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு துளி மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். எண்ணெய் போடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடற்கரைக்குக் கொண்டு போய்வந்ததாக இருந்தால் மணல்தான் காரணம், தூரிகையால் தட்டி எடுக்கும் வரை உள்ளே தள்ளவே கூடாது.

அழுக்கு இல்லாமலும் ஒரே இடத்தில் இடிக்கிறதா? குழாயைச் சமையல் மேடை கிரானைட்டில் உருட்டுங்கள். எம்பி எம்பி உருண்டால் வளைவு. நகத்தை ஓட்டிப் பார்த்தால் சொட்டை தட்டுப்படும். இங்கே நிறுத்திவிடுங்கள். சொட்டை எடுக்கச் சரியான விட்டத்தில் கடைந்த உருளையை உள்ளே விட்டு உருட்ட வேண்டும். இது கடைசல் பட்டறை வேலை.

### எதிர்க் கோளாறு: குழாய் தானாக நழுவுகிறது

மேலே தூக்கிப் பார்த்தால் மெல்லிய குழாய் சரிகிறது என்றால், அதைப் பிடித்திருக்கும் வளையம் தளர்ந்துவிட்டது. சிலவற்றில் வளையத்தில் நாக்குப் போல வெட்டியிருக்கும், அந்த நாக்குகளை விரலால் ஒரு மயிரிழை உள்ளே அழுத்தினால் பிடி வரும். வெட்டு இல்லாத வளையம் என்றால் உட்பக்கத்தில் மெல்லிய வெல்வெட் பட்டை ஒன்றை ஒட்டுங்கள். செல்லோடேப் வேண்டாம், நம் ஊர் வெயில் காலத்தில் அதன் பசை இளகிக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும்.

## பச்சை, கருப்பு, சிவப்பு: பித்தளையின் நிறம் மாறுகிறது

எல்லோருக்கும் முதலில் கை போவது புளிக்குத்தான். குத்துவிளக்குக்குப் புளி சரி. டெலஸ்கோப்புக்கு வேண்டாம். புளித்தண்ணீர் மரைக்குள் போய்த் தங்கும், சாம்பலும் பாத்திரப் பொடியும் வழுக்கிச் செல்ல வேண்டிய இடங்களைச் சுரண்டும். புளி போட்ட விளக்கை நேரம் கழித்துக் கழுவினால் ஒரு சிவப்பு வருமே, அது பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு மேலே தெரிவது. மெல்லிய குழாய்க்கு அது நல்லதில்லை.

சீரான பழுப்பு என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். அது காற்றுப் பட்டு வந்த நிறமாகவோ, செய்யும்போதே கொடுத்த பழைய தோற்றமாகவோ இருக்கும். கொடுத்த தோற்றம் என்றால் தேய்த்ததும் திட்டுத் திட்டாகப் போகும், வீட்டில் திரும்பக் கொண்டுவர முடியாது.

மினுமினுப்பான பரப்பில் கரும்புள்ளி என்றால், பித்தளை மங்காமலிருக்கப் போடும் நிறமில்லாத லாக்கர் பூச்சு அந்த இடத்தில் உடைந்து, உப்புக்காற்று உள்ளே போயிருக்கிறது. புள்ளியை மட்டும் தேய்த்தால் சுற்றியுள்ள பூச்சும் உரியும். பரவாமல் இருக்க உலர்ந்த துணியால் துடைத்து, நிறமில்லாத மெழுகை மெல்லப் பூசுங்கள். முழுப் பூச்சையும் எடுத்துத் திரும்பப் போடுவது பட்டறை வேலை. ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அரக்கில் செய்த பழைய பூச்சு அதில் கரைந்துவிடும்.

பச்சைப் பொடி அல்லது பிசுக்கு என்றால் களிம்பு. இடுக்குகளிலும், தோல் சுற்றிய இடத்தின் விளிம்பிலும் வரும். தோலில் இருக்கும் கொழுப்பு பித்தளையோடு சேர்ந்து இந்தப் பிசுக்கை உண்டாக்கும். மூங்கில் பல்குச்சியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, கையைக் கழுவுங்கள். தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் களிம்பும் கூடும், மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கும்.

அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் குழாயில் அடிக்க வேண்டாம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் இருந்த ராணுவத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டுப் பிளந்தன. லாயத்துக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியா என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அழுத்தி வளைத்துச் செய்த மெல்லிய பித்தளை, அம்மோனியா, ஈரம், மூன்றும் சேர்ந்தால் விரிசல் வரும். நம் டெலஸ்கோப்பின் குழாயும் அழுத்தி இழுத்துச் செய்ததுதான்.

மெருகு போடும் சக்கரத்தில் கொடுப்பதானால் பொறித்த எழுத்து மழுங்கும் என்று தெரிந்தே கொடுங்கள்.

## லென்ஸுக்குள் பனி, அல்லது நூலாம்படை

ஏசி அறையிலிருந்து மாடிக்குக் கொண்டு போனதும் பனி மூடினால், அது வெறும் ஈரம். மூடியைக் கழற்றாமல் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.

போகாத பனி என்றால் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரப்பெட்டிக்குள் மூடி வைத்தவற்றில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். அழகான பெட்டி, உள்ளே வெல்வெட், அதற்குள் ஈரம். பெட்டியைத் தனியே காட்சிக்கு வைத்துவிட்டு, மழைக்காலத்தில் டெலஸ்கோப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி லென்ஸில் படியும்.

புதுப் பூஞ்சை என்றால் லென்ஸைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காய்ச்சி வடித்த நீரும் சமமாகக் கலந்து பஞ்சால் துடைத்தால் போய்விடும். துடைத்த பிறகும் அதே கோலம் தெரிந்தால் கண்ணாடியை அரித்துவிட்டது, அந்தத் தடம் நிரந்தரம். ஒட்டிய லென்ஸின் நடுவில் இருந்தால் பழுது பார்ப்பவரிடம் போங்கள்.

## ஆட்டினால் உள்ளே சத்தம்

லென்ஸைப் பிடித்திருக்கும் வளையம் தளர்ந்திருக்கும். முன்பக்க வளையத்தை ரப்பர் கையுறையோடு வலப்பக்கம் திருகி இறுக்குங்கள். சத்தம் நின்ற இடத்தோடு நிறுத்துங்கள், இன்னும் இறுக்கினால் கண்ணாடி விளிம்பில் சிதறும். சத்தம் கண்ணாடித் துண்டு உருள்வது போல இருந்தால் அதைக் கண்ணில் வைத்துப் பார்க்காதீர்கள். வெள்ளைத் துணி மேல் தலைகீழாகப் பிடித்துக் கழற்றி, துண்டுகளைச் சேகரித்து வையுங்கள்.

உடைந்தது ஒற்றை முன் லென்ஸ் என்றால் மலிவான வழி உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் துண்டைக் கொடுத்தால் பவர் அளந்து சொல்வார்கள். 40 சென்டிமீட்டர் குவியத் தூரம் என்பது பிளஸ் 2.5 பவர். அதே பவரில் ஒரு லென்ஸை வளையத்தின் விட்டத்துக்கு வட்டமாக வெட்டித் தரச் சொல்லுங்கள். அசலைப் போல இருக்காது, ஆனால் படம் வரும்.

## பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது

டம்பி லெவல், தியோடலைட் போன்ற சர்வே கருவிகளைச் சரிசெய்பவர்கள் இதற்கு மிகப் பொருத்தம். அவர்கள் தினமும் கழற்றுவது இதே மாதிரிப் பித்தளைக் குழாயும் லென்ஸும்தான். அவர்கள் கிடைக்காவிட்டால் பைனாகுலர், மைக்ரோஸ்கோப் சரிசெய்பவர்கள். கடைசல் பட்டறைக்குக் குழாயை மட்டும் கொடுங்கள், லென்ஸ்களை வீட்டில் வைத்துவிடுங்கள்.

கொடுக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, லென்ஸ் எத்தனை என்று எண்ணி எழுதிக் கொடுங்கள். மெருகு போட வேண்டாம் என்று சொல்லாவிட்டால், நல்ல மனதோடு பளபளவென்று தேய்த்துத்தான் தருவார்கள். கூலி எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். புது அலங்கார டெலஸ்கோப்பின் விலையைத் தாண்டினால், யாரோ அன்பாகக் கொடுத்தது என்பதற்காகச் செய்கிறீர்களா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் அப்படி இரண்டு முறை செய்திருக்கிறேன், இரண்டும் இன்னும் அலமாரியில் மூடி போட்டு நிற்கின்றன.